70 ஓட்டைகளும் நாலு வகை சீலன்ட்டும்

கிருஷ்ணகிரியில் இருந்து புதுச்சேரிக் கடற்கரைக்குச் சாலை வழியே 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆனாலும் இந்த வருடம் மார்ச் கடைசியில் இருந்து மே நடு வரைக்கும், ராயக்கோட்டை சாலையில் இருக்கும் என் ஃபைபர் ஷெட்டில் ஒரு பாய்மரப் படகு நின்றது. 22 அடி நீளம். அக்கா வீட்டுக்காரருடையது. மாமா அதைப் பழையதாக வாங்கி, புதுச்சேரியில் வைத்து, லீவு நாட்களில் கடலுக்கு எடுத்துப்போவார்.

போன ஐப்பசி மழையில் அவர் போன் செய்தார். “மச்சான், வெளிய மழை விட்டாலும் உள்ள விடல. மெத்தை பூரா நனைஞ்சு கிடக்கு. மேல இருக்கிற எல்லாத்துக்கும் சுத்திச் சுத்தி சிலிகான் அடிச்சுட்டேன். ஒழுக்கு நிக்கவே இல்ல.”

நான் செய்வது தண்ணீர்த் தொட்டி, கூரை ஷீட், பாத்ரூம் கதவு. படகும் அதே கண்ணாடி இழை மேட், அதில் ஊற்றி இறுகவிடும் அதே ரெசின்தான். ஆனால் டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில் பொருத்திய சாமான்களைக் கழற்றி, ஓட்டைகளைச் சரி செய்து, இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் வைத்து மறுபடி பதிக்கும் வேலை எனக்குப் புதிது. படித்துத்தான் கற்றுக்கொண்டேன். படகை இங்கே கொண்டுவரச் சொன்னதற்கு இரண்டு காரணம். ஷெட்டை மூடிவிட்டு நான் ஒன்றரை மாதம் புதுச்சேரியில் போய் இருக்க முடியாது. இன்னொன்று, நம்ம ஊர் வெயிலும் காய்ந்த காற்றும். கடலோரத்தில் ஈரமான மரம் காய்வது மிகக் கஷ்டம். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை என்று தேசிய நெடுஞ்சாலை 77-ல் லாரியில் ஏறி வந்தது படகு. மாங்காய் பிஞ்சு விட்டிருந்த தோப்புகளுக்கு நடுவே பாய்மரக் கம்பத்தைப் படுக்கப்போட்டுக் கட்டிய லாரி வந்ததை ரோட்டில் நின்று பார்த்தவர்கள் நிறைய.

முதலில் ஒழுக்கு எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் எந்த சீலன்ட் வாங்கினாலும் வீண்.

இந்த மாதிரிப் படகில் டெக் என்பது ஒரே தகடு இல்லை. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பால்சா மரம். எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கயிறு கட்டும் கிளீட், கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் தூண், பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்று எதைப் பொருத்தினாலும் அதன் போல்ட் இந்த மூன்றையும் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. போல்ட்டைச் சுற்றி வைத்த சீலன்ட் வயதாகி விட்டுப்போனால் தண்ணீர் நேராக அறைக்குள் சொட்டாது. முதலில் பால்சாவுக்குள் போகும். அங்கே தேங்கி மரத்தை மக்கவைத்து, வழி கிடைத்த இடத்தில் வெளியே வரும். மெத்தை நனைந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடினால் கிடைக்காது. மாமா தலைப்பக்கம் சொட்டிய தண்ணீர் நாலடி முன்னால் இருந்த கிளீட்டில் இருந்து வந்தது.

அதனால் ஓரத்தில் சிலிகான் கோடு இழுப்பது வைத்தியமே இல்லை. உள்ளே போன தண்ணீர் வெளியே ஆவியாக இருக்கும் கொஞ்ச வழியையும் அது அடைத்துவிடும். சாமானைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்ற வேண்டியதைச் சாக்பீஸால் டெக்கிலேயே எழுதினேன். கம்பித் தூண் நாலு, ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட். கிளீட் நாலு, அதற்கும் நாலு நாலு. முன்மூக்குக் கம்பிக் கூண்டுக்கு நாலு கால், காலுக்கு மூன்று. வின்ச் இரண்டு, ஐந்தைந்து. பாய்க்கயிற்றின் கப்பி ஓடும் அலுமினியத் தண்டவாளம் இரண்டு, எட்டெட்டு. மொத்தம் 70 ஓட்டை, எல்லாமே 6 மி.மீ. போல்ட். இது போக, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் வந்து மாட்டும் இரும்புப் பட்டைகள், டெக்கைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் நாலு இடம். அக்ரிலிக் ஜன்னல் நாலு. தேக்குக் கைப்பிடி இரண்டு.

கழற்றியபோது கண்டது

மேலே நான், கீழே என்னோடு வேலை செய்யும் தம்பி. நான் போல்ட் தலையைத் திரும்பாமல் பிடிக்க, அவன் நட்டைத் திருகுவான். மூன்றாவது கிளீட்டின் நட்டைக் கழற்றியதும் “அண்ணே, டீத்தண்ணி மாதிரி ஊத்துது” என்றான். பால்சா மக்கிய தண்ணீர் அந்த நிறத்தில்தான் இருக்கும். ட்ரில் பிட்டில் ஒட்டி வரும் மரத்தூளும் கதை சொல்லிவிடும். வெளிர் மஞ்சளாக, உலர்ந்து வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கருத்த பழுப்பில் சேறு மாதிரி வந்தால் போய்விட்டது. ஸ்பேனர் பிடியால் டெக்கைத் தட்டிப் பார்த்தும் எல்லையைக் கண்டுபிடிக்கலாம். நல்ல இடம் ‘டக் டக்’ என்று பதில் சொல்லும், மக்கிய இடம் ‘தொப் தொப்’ என்று அமுங்கும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இந்தக் காது ஏற்கெனவே இருக்கும்.

போல்ட்டுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. தலை பளபளவென்று இருக்கிறது, நுனியும் நன்றாக இருக்கிறது. டெக்குக்குள் மறைந்திருந்த நடுப்பகுதி மட்டும் எலி கடித்த மாதிரி குறுகி, பழுப்பேறி இருந்தது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காற்றில் உள்ள ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் அதன் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. காற்றுப் போகாத இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கி நின்றால் அந்தப் படலம் அழிந்து, உலோகம் குழி குழியாக அரிக்கும். கடலில் படகு சாயும்போது ஓர் ஆள் தன் முழு எடையையும் அந்தக் கம்பித் தூணில் போட்டுத்தான் நிற்பார். 11 போல்ட்டுகளைத் தூக்கிப்போட்டேன். பிறகு மாமாவிடம் சொல்லி 70-ஐயும் புதிதாக மாற்றினோம். 316 தர எவர்சில்வர். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புத் தண்ணீரை 304-ஐ விட நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியாது. போல்ட் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஏ2 என்றால் அது 304 வகை.

அப்புறம் சிலிகான். ஃபைபர் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அச்சுப் பக்கம் சிலிகான் பட்ட துணி வந்தாலே போதும், ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சான ஜெல்கோட் அந்த இடத்தில் ஒதுங்கி மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விழும். படகிலும் அதே கதைதான். சிலிகானைச் சுரண்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் நின்றுவிடும். அதன் மேல் மற்ற சீலன்ட் வகைகளான பாலியூரித்தேனும் ஒட்டாது, பாலிசல்பைடும் ஒட்டாது, புதுச் சிலிகானே சரியாக ஒட்டாது. அசிட்டோனால் துடைத்தால் கரையாமல் பரவத்தான் செய்யும். நான் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, ஈரமான நைலான் தேய்ப்பானால் தேய்த்து, பின்பு 220 நம்பர் உப்புத்தாளை லேசாகப் போட்டேன். தீர்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பேன். தண்ணீர் தாளாக விரிந்து நின்றால் சரி. சேப்பங்கிழங்கு இலையில் மாதிரி முத்து முத்தாக உருண்டால் மறுபடி தேய்க்க வேண்டும். மாமா நல்லெண்ணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்த சிலிகானை எடுக்க நாலு நாள் ஆனது.

மரத்தைக் காயவைத்து, ஓட்டையைக் கட்டுவது

மக்கிய இடம் இரண்டு: கிளீட்டைச் சுற்றி உள்ளங்கை அகலம், இடதுபக்கப் பட்டையைச் சுற்றி ஏறக்குறைய 30-க்கு 20 செ.மீ. அங்கெல்லாம் மேல்தோலை வெட்டித் திறந்து, கெட்ட மரத்தை வழித்துவிட்டு, மரைன் பிளைவுட் வைத்து மேலே மேட் போட்டு மூடினேன். அது வழக்கமான ஃபைபர் வேலை, நீட்ட வேண்டாம்.

ஈரமாக இருந்தும் மக்காத இடங்களைத் திறந்தே போட்டு மூன்று வாரம் காயவிட்டேன். பகலில் படகை ஷெட்டுக்கு வெளியே இழுத்து நிறுத்தினோம். 38 டிகிரி வெயில். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஓட்டை மேல் சின்ன பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் விடுவேன். மாலையில் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. முதல் வாரம் எல்லாம் வியர்த்தன. மூன்றாவது வாரக் கடைசியில் ஒன்றுகூட வியர்க்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் இந்த வேலை முழுவதிலும் முக்கியமானது. 6 மி.மீ. ஓட்டையை மேல்தோல், பால்சா இரண்டுக்கும் 12 மி.மீ. ஆகப் பெரிதாக்கி, கீழ்த்தோலை அப்படியே விட்டேன். வளைத்த ஆணியை ட்ரில்லில் மாட்டி உள்ளே சுழற்றினால், இரண்டு தோலுக்கும் நடுவில் உள்ள பால்சா மட்டும் இன்னும் கொஞ்சம் குடைந்துபோகும். கீழே டேப் ஒட்டி, முதலில் தண்ணீர் மாதிரியான எபாக்சி ரெசினை ஊற்றி மரம் குடிக்கவிட்டு, மிச்சத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி, சிலிக்கா மாவு கலந்து கெட்டியாக்கிய எபாக்சியை நிரப்பினேன். இறுகிய பின் நடுவில் 6 மி.மீ. ஓட்டை போட்டால், போல்ட் முழுக்க முழுக்க எபாக்சிக் குழாய்க்குள் நிற்கும். நாளைக்கு சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. நேராக உள்ளே சொட்டி நம்மைக் கூப்பிடும். நட்டை இறுக்கும்போது டெக் நசுங்காமல் இருப்பதும் இந்த எபாக்சித் தூணால்தான்.

பாலியஸ்டர் ரெசினில் பழகிய கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. வெயில் காலத்தில் நாம் ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைச் சொட்டுக் குறைத்து ஊற்றிச் சமாளிப்போம். எபாக்சியில் அது ஆகாது. சொன்ன அளவு சொன்ன அளவுதான். குறைத்தால் என்றைக்கும் இறுகாது. மெதுவாக இறுகும் ஹார்டனரைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். முதல் நாள் மதியம் நான் அரை கப் கலந்தேன். ஆறு ஓட்டை நிரப்புவதற்குள் கப் கையைச் சுட்டுப் புகைந்தது. மறுநாளில் இருந்து காலை ஆறு மணிக்கு, 50 கிராம் 50 கிராமாக.

எந்த இடத்துக்கு எது

ஓட்டைகள் தயாரான பிறகு சீலன்ட் கேள்விக்கு வந்தேன். இருப்பதிலேயே பலமானதை வாங்கினால் போதும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கிளீட்டைப் பிடித்து நிறுத்துவது போல்ட்டும் கீழே இருக்கும் தாங்கு தகடும்தான். சீலன்ட் அங்கே பிடிப்பதற்காக இல்லை. உலோகமும் ஃபைபரும் வெயிலில் வேறு வேறு அளவு விரியும், கயிறு இழுக்கும்போது லேசாக அசையும். அந்த அசைவுக்கெல்லாம் விட்டுக்கொடுத்துக்கொண்டே தண்ணீரை நிறுத்த வேண்டும். என்றாவது ஒருநாள் கழற்றவும் வர வேண்டும்.

ஒகேனக்கல்லில் ஒரு பரிசல்காரர் இதை எனக்குப் பல வருடம் முன்பே சொல்லியிருக்கிறார், வேறு விஷயமாக. மூங்கில் பின்னலின் மேல் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்தித் தார் பூசிக்கொண்டிருந்தார். வெயிலில் தார் பிசுபிசுவென்று இருப்பதைப் பார்த்து, இது காயாதா என்று கேட்டேன். “காஞ்சு கெட்டியாச்சுன்னா வேலை முடிஞ்சது தம்பி. பாறையில இடிச்சா மூங்கில் வளையும். தாரும் கூட வளையணும், இல்லன்னா அங்கதான் தண்ணி பூரும்” என்றார்.

பாலியூரித்தேனில் 3எம் 5200 படகுக்காரர்களிடையே பேர் பெற்றது. முழுதாக இறுக 5 முதல் 7 நாள் எடுக்கும். இறுகினால் அது சீலன்ட் என்பதைவிடப் பசை. படகின் உடலையும் டெக்கையும் சேர்க்கும் ஓரம், நீர்மட்டத்துக்குக் கீழே நிரந்தரமாக இருக்கப்போகும் பொருத்துகள், இவற்றுக்கு அந்த வகை நல்லது. கிளீட்டுக்கு அது கூடாது. பழைய சொந்தக்காரர் காலத்தில் யாரோ இரண்டு தூண்களை அப்படி ஒரு பசையில் பதித்திருந்தார்கள். ஹீட் கன்னால் சூடாக்கி, மெல்லிய எஃகுக் கம்பியை அடியில் விட்டு ரம்பம் மாதிரி இழுத்து அறுத்து எடுத்தேன். அப்படியும் ஒரு தூணோடு ஜெல்கோட் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. பஸ், லாரி கண்ணாடி ஒட்டும் பசையும் பாலியூரித்தேன்தான். அது நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக டெக்கில் வைக்காதீர்கள். இன்னொன்று: ஒரு டியூபில் வரும் பாலியூரித்தேன் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகுகிறது. சித்திரை மாதத்துக் கிருஷ்ணகிரிக் காற்றில், அகலமான உலோக அடித்தட்டுக்குக் கீழே, அது உள்வரைக்கும் இறுக நாளாகும்.

பாலிசல்பைடு பழைய வகை, நல்ல வகை. ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், பெட்ரோல் டீசலுக்கு அசையாது. விமான எரிபொருள் தொட்டிகளின் இணைப்புகளில் அது போவதற்குக் காரணமும் அதுதான். மரத்தோடும் ஒத்துப்போகும், தேக்காக இருந்தால் பிரைமர் அடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட், ஏபிஎஸ், பிவிசி ஆகியவற்றை அது கெடுத்துவிடும். ஜன்னல் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

மீதி பெரும்பாலான இடங்களுக்கு நான் எடுத்தது பியூட்டைல் நாடா. பியூட்டைல் ரப்பரை 1937-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். காற்றை விடாத ரப்பர் என்பதால் டயருக்குள் போடும் டியூபுக்கு அது வந்தது. பங்க்சர் கடையில் பியூட்டைல் டியூப் என்று கேட்டு வாங்குவது நமக்குப் பழக்கம்தான். நாடாவாக வருவது அதே குடும்பம், ஆனால் இறுக்காமல் விட்டது. அது என்றைக்கும் காயாது. பத்து வருடம் கழித்துக் கழற்றினாலும் பிசுபிசுக்கும். இரண்டு குறை உண்டு. பெட்ரோல், மண்ணெண்ணெய் பட்டால் கரைந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கக்கூடாது.

ஆகவே இப்படிப் பிரித்தேன். தூண், கிளீட், முன்கூண்டு, தண்டவாளம், இரும்புப் பட்டைகள் இறங்கும் பிளவு எல்லாம் பியூட்டைல். வின்ச்சுகளைக் கிரீஸ் மாற்றும்போது மண்ணெண்ணெயில் கழுவுவார்கள் என்பதால் அவை இரண்டும் பாலிசல்பைடு. தேக்குக் கைப்பிடியும் அதுவே. படகின் அடியில் ஆழம் பார்க்கும் கருவிக்கு மட்டும் பாலியூரித்தேன். அக்ரிலிக் ஜன்னலுக்குச் சிலிகான்! ஆமாம், இவ்வளவு திட்டிய சிலிகான்தான். 60 செ.மீ. நீள அக்ரிலிக் 30 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அந்த அளவுக்கு இழுபட்டும் அறாமல் நிற்க, கட்டடக் கண்ணாடிக்குப் போடும் நியூட்ரல் வகை சிலிகான்தான் சரி. வினிகர் வாசம் அடிக்கும் பாத்ரூம் சிலிகான் வேண்டாம், அது உலோகத்தையும் அரிக்கும். ஆனால் ஜன்னல் வேலையை எல்லாம் முடிந்த கடைசி நாளுக்குத் தள்ளினேன். அந்தக் கையுறையும் துணியும் அன்றே குப்பைக்குப் போயின.

இந்த இடத்தில் ஒரு தவறு நடந்தது. பியூட்டைல் என்று கேட்டு உள்ளூர்க் கடை ஒன்றில் வாங்கிய நாடாவில் இரண்டு கிளீட்டைப் பதித்தேன். மூன்றாம் நாள் மதியம் வெள்ளை டெக்கில் கருப்பாக ஒழுகி ஓடியிருந்தது. கூரை ஷீட் இடுக்கு அடைக்கும் தார் நாடா அது. பரிசலுக்குத் தார் சரி, தேய்ந்தால் அடுத்த சீசனில் மறுபடி பூசிக்கொள்வார்கள். போல்ட் போட்டு மூடிய இடத்தில் உருகி ஓடினால் மிச்சம் என்ன இருக்கும்? மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுக்க ஒரு முழுநாள் போனது. அதற்குப் பிறகு எந்த நாடா வாங்கினாலும் ஒரு துண்டைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பேன், தார் வாசம் வரக்கூடாது. மெதுவாக இழுத்தால் நல்ல பியூட்டைல் பலாப்பழப் பால் மாதிரி நீள நூலாக வரும். சுண்ணாம்பு அதிகம் கலந்தது பட்டென்று அறும். இன்னொரு துண்டை வெள்ளைத்தாளில் ஒட்டித் தகரத்தின் மேல் ஒரு பகல் வெயிலில் வைப்பேன். எண்ணெய் படர்ந்து தாள் கறைபட்டால் அது டெக்குக்கு ஆகாது. பெங்களூரில் பஸ் பாடி சாமான் விற்கும் கடையில் வாங்கிய சாம்பல் நிற நாடா மூன்றிலும் தேறியது. 12 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம், இரண்டு சுருள் ஆனது.

பதித்தது

ஓட்டையின் வாயைக் கவுண்டர்சிங்க் பிட்டால் சரிவாகச் செதுக்க வேண்டும். 6 மி.மீ. ஓட்டைக்கு வாய் 10, 11 மி.மீ. வரைக்கும் விரியலாம். இது இல்லாவிட்டால் இறுக்கும்போது நாடா மொத்தமும் பிதுங்கி வெளியே வந்துவிடும், போல்ட்டைச் சுற்றி ஒன்றும் மிஞ்சாது. சரிவு இருந்தால் அங்கே ஒரு மோதிரம் மாதிரி பியூட்டைல் அமுங்கி நிற்கும். தண்ணீரை நிறுத்துவது அந்த மோதிரம்தான். ஜெல்கோட்டில் நட்சத்திர விரிசல் விழாமல் இருக்கவும் இந்தச் சரிவு உதவும்.

கிளீட்டின் அடியையும் டெக்கையும் அசிட்டோனால் துடைத்து, அடி முழுக்க நாடாவை இடைவெளி இல்லாமல் ஒட்டினேன். இன்னொரு துண்டைத் திரிநூல் மாதிரி உருட்டி, ஒவ்வொரு போல்ட்டிலும் தலைக்குக் கீழே கழுத்தில் சுற்றினேன். அலுமினியத் தண்டவாளத்தின் போல்ட்டுகளுக்கு மட்டும், எவர்சில்வரும் அலுமினியமும் உப்பில் ஒன்றையொன்று அரிக்காமல் இருக்க, அதற்கான பேஸ்ட்டையும் தடவிக்கொண்டேன். கீழே அகல வாஷர் போதாது. தூண்களுக்கும் கிளீட்டுகளுக்கும் 5 மி.மீ. அலுமினியத் தகட்டில் தாங்கு தகடு வெட்டிப்போட்டேன். கீழ்ப்பக்கம் சீலன்ட் வைக்கவே இல்லை. மேலே எங்காவது விட்டுப்போனால் தண்ணீர் அடைபடாமல் கீழே வந்து தெரிய வேண்டும்.

போல்ட் தலையைத் திருப்பவே கூடாது, நட்டை மட்டும்தான் திருப்ப வேண்டும். தலை சுழன்றால் கழுத்தில் சுற்றிய நாடா கிழிந்துவிடும். தம்பிக்கு நட்டு, எனக்கு ஸ்க்ரூ டிரைவர். பேட்டரி ட்ரில்லை இந்த வேலைக்கு நான் அனுமதிக்கவில்லை. பியூட்டைல் மெதுவாகத்தான் நகரும், அவசரப்படுத்தினால் நடுவில் கனமாகத் தங்கிவிடும். முதல் நாள் லேசாகப் பிதுங்கும் வரை. மறுநாள் மதியம், வெயிலில் இளகிய நேரத்தில் அரைச் சுற்று. அதற்கடுத்த நாள் கால் சுற்று. நாலாம் நாளில் பிதுங்குவது நின்றது. வெளியே வந்ததைப் பிளாஸ்டிக் கத்தியால் அறுத்து உருட்டி எடுத்துவிடலாம், துடைக்க வேண்டியதுகூட இல்லை. வின்ச்சின் பாலிசல்பைடுக்கு இந்த முறை பொருந்தாது. ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, தாராளமாகப் பூசி, ஒரே தடவையில் இறுக்கி, டேப்பை அது இறுகும் முன்பே உரித்து, பிறகு தொடவே கூடாது. பாதி இறுகிய பின் நட்டைத் திருப்பினால் ஒட்டு விட்டுவிடும்.

சோதிக்க முதலில் காற்று. எல்லா வாயையும் மூடி, ஷெட்டில் தூசி ஊதும் புளோயரை அட்டை வைத்துக் காற்றுத் துளையில் பொருத்தி, உள்ளே ஊதவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீர் பூசினோம். பங்க்சர் கடைத் தொட்டி மாதிரிதான், எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. இடது தண்டவாளத்தில் பின்னால் இருந்து மூன்றாவது போல்ட் குமிழி விட்டது. கழற்றிப் பார்த்தால் அந்த ஒரு ஓட்டைக்குச் சரிவு செதுக்க மறந்திருந்தேன்.

மே இரண்டாம் வாரம் கோடைமழை வந்தது. மாங்காய் உதிர்க்கிற காற்றோடு இரவு ஒன்றரை மணி நேரம் கொட்டியது. படகு வெளியே நின்றது. ஒவ்வொரு நட்டுக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பர் ஒட்டியிருந்தோம். நானும் தம்பியும் டார்ச்சோடு உள்ளே தவழ்ந்து 70-ஐயும் எண்ணினோம். எல்லாம் உலர்ந்திருந்தன. ஆனால் தரையில் ஒரு சொட்டு இருந்தது. பாய்மர விளக்கின் ஒயர் டெக்கைத் துளைத்து இறங்கும் இடம். என் சாக்பீஸ் பட்டியலில் அது இல்லவே இல்லை. காற்றுச் சோதனையில் அங்கே பாய்மரக் கம்பத்தின் அடிக்கட்டை மறைத்துக்கொண்டிருந்ததால் சோப்புத் தண்ணீரும் படவில்லை. மறுநாள் அதையும் குடைந்து, எபாக்சி ஊற்றி, ஒயரைச் சுற்றிப் பியூட்டைல் உருட்டி வைத்தேன்.

படகு வந்த வழியே திரும்பிப் போனது. மாமாவிடம் ஒரு 10 நம்பர் ஸ்பேனரும், மிச்சமிருந்த அரைச் சுருள் நாடாவும் கொடுத்தனுப்பி, ஒரு மாதம் கடலில் ஓட்டிய பின் பியூட்டைல் வைத்த 60 நட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கச் சொன்னேன், வின்ச் பக்கம் ஸ்பேனர் போகவே கூடாது என்றும் சொன்னேன். ஜூன் கடைசியில் போன் வந்தது. “மச்சான், ஆறு நட்டு கால் சுத்து குடுத்துச்சு. மத்த 54 அசையல. மெத்தையைத் திரும்ப உள்ள போட்டுட்டேன்.”